கார்ட்டருக்குத் தேவைப்படாத அறுவை சிகிச்சை

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மூளைக்குப் பரவியிருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்றிரவே வீட்டில் யாராவது ஒருவர் இணையத்தில் தேடி ஜிம்மி கார்ட்டரின் கதையைக் கண்டுபிடித்துவிடுவார். அமெரிக்காவின் முன்னாள் அதிபருக்கு 2015 ஆகஸ்டில், 90 வயதில், கல்லீரலில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அது மெலனோமா. அடுத்து எடுத்த எம்ஆர்ஐயில் மூளையில் நான்கு இடங்களில் பரவியிருப்பது தெரிந்தது. அந்த நான்கு இடங்களுக்கும் குறிபார்த்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கூடவே பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை, அதாவது உடலின் நோயெதிர்ப்பு அணுக்களைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் மருந்தை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். அதே டிசம்பரில், ஸ்கேனில் புற்றுநோய் எதுவும் தெரியவில்லை என்று அவரே அறிவித்தார். 2024 டிசம்பர் 29 அன்று இறந்தபோது அவருக்கு 100 வயது. அவருடைய மண்டை ஓட்டை யாரும் திறக்கவே இல்லை.

இதைப் படித்தவர்கள் மறுநாள் கேட்பது நியாயமான கேள்வி: அவருக்கு மருந்திலேயே சரியானது என்றால், எங்கள் அப்பாவுக்கு மட்டும் ஏன் மூளையில் ஆபரேஷன்? ‘ஒவ்வொரு நோயாளியும் வேறு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கேள்விக்குத் திட்டவட்டமான பதில் இருக்கிறது. கார்ட்டரின் மூளையில் இருந்த புள்ளிகள் ஒவ்வொன்றும் சுமார் 2 மி.மீ. அளவுதான். 2 மி.மீ. கட்டிக்கும் 3.5 செ.மீ. கட்டிக்கும் கன அளவில் ஐந்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். சிறியது மூளையை அழுத்துவதில்லை, சுற்றிலும் வீக்கத்தை உண்டாக்குவதில்லை. பெரியது இரண்டையும் செய்கிறது. வீக்கம் வந்தால் ஸ்டீராய்டு வேண்டும். ஸ்டீராய்டு நோயெதிர்ப்பை அடக்குவது, அது உள்ளே போனால் கார்ட்டரைக் காப்பாற்றிய அதே மருந்து தடுமாறும். மெலனோமாவுக்கான மூளை அறுவை சிகிச்சை இன்று எதற்காகச் செய்யப்படுகிறது என்பதன் சாரம் இந்தச் சங்கிலிதான். அதை யாரும் நோயாளிகளுக்கு நிதானமாக விளக்குவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முன்பு நோக்கம் வேறாக இருந்தது. 1990இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ராய் பாட்செல் குழுவினர் வெளியிட்ட ஆய்வைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்வார்கள். மூளையில் ஒரே ஒரு பரவல் கட்டி உள்ள 48 பேரில் ஒரு பிரிவினருக்குக் கட்டியை எடுத்துவிட்டு மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு, மறு பிரிவினருக்குக் கதிர்வீச்சு மட்டும். முதல் பிரிவினர் சராசரியாக 40 வாரமும், இரண்டாம் பிரிவினர் 15 வாரமும் உயிரோடிருந்தார்கள். அந்த ஆய்வில் பெரும்பாலானோருக்கு இருந்தது நுரையீரல் புற்றுநோய். மெலனோமா மிகச் சிலருக்கே. ஆனாலும் வேறு வழி இல்லாததால் அதே விதியை மெலனோமாவுக்கும் பொருத்தினார்கள். சில மாதங்களைக் கூட்டித் தருவதே அன்று அறுவை சிகிச்சையின் வேலை. அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தியும் உண்டு. பரவல் என்று நம்பிச் சேர்க்கப்பட்ட 54 பேரில் ஆறு பேருக்கு, திசுவை எடுத்துப் பார்த்தபோது, இருந்தது பரவலே இல்லை. ஸ்கேனை மட்டும் நம்பாமல் திசுவைப் பார்க்க வேண்டிய நோயாளிகள் இன்றும் இருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த மெலனோமா மச்சம், உடலில் வேறெங்கும் நோய் இல்லை, மூளையில் மட்டும் ஒரு கட்டி என்றால் சந்தேகப்படுவதே முறை.

1.5 மில்லிகிராம் கணக்கு

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது இம்யூனோதெரபி. இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மூளையில் உள்ள மெலனோமாவும் சுருங்கும் என்பதை 2018இல் இரண்டு ஆய்வுகள் காட்டின: அமெரிக்காவில் நடந்த செக்மேட் 204, ஆஸ்திரேலியாவில் நடந்த ஏபிசி. செக்மேட் 204இன் இறுதி முடிவுகளை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். மூளைக் கட்டியால் அறிகுறி எதுவும் இல்லாத, ஸ்டீராய்டு எடுக்காத 101 பேரில் சுமார் 57 சதவீதத்தினருக்கு மூளைக்குள் பலன் கிடைத்தது. மூன்று ஆண்டு கழித்து சுமார் 72 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். அறிகுறி இருந்த 18 பேரில் பலன் கிடைத்தது சுமார் 17 சதவீதத்தினருக்கு, அதாவது மூன்றே பேருக்கு. மூன்று ஆண்டு தாண்டியவர்கள் சுமார் 37 சதவீதம். மருந்து ஒன்றுதான், நோயும் ஒன்றுதான்.

இந்த இடைவெளிக்கு ஸ்டீராய்டு மட்டுமே காரணம் என்று சொன்னால் மிகைப்படுத்தல். அறிகுறி உள்ளவர்களின் கட்டிகள் பெரியவை, அவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்கள், மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை காத்திருக்க அவர்களுக்கு நாள் இல்லை. ஆனால் இதில் நம்மால் மாற்றக்கூடியது ஸ்டீராய்டுதான். இம்யூனோதெரபி ஆய்வுகள் பொதுவாக வைக்கும் வரம்பு நாளுக்கு 10 மி.கி. பிரெட்னிசோலோன். மூளை வீக்கத்துக்குக் கொடுப்பதோ டெக்ஸாமெத்தசோன், அது பல மடங்கு வீரியமானது. 10 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம் வெறும் 1.5 மி.கி. டெக்ஸாமெத்தசோன். மூளை வீக்கத்தோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்கு நாளுக்கு 8 முதல் 16 மி.கி. வரை போவது சாதாரணம். 16 மி.கி. என்பது நூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரெட்னிசோலோன். கட்டியைத் தாக்கச் சொல்லி நோயெதிர்ப்பு அணுக்களை ஒரு பக்கம் உசுப்பிவிட்டு, மறுபக்கம் அவற்றின் கையைக் கட்டிப்போடுகிறோம்.

இங்கேதான் அறுவை சிகிச்சைக்குப் புது வேலை கிடைத்தது. 16 மி.கி.யில் மாட்டிக்கொண்டிருப்பவரை ஓரிரு வாரத்தில் 1.5 மி.கி.க்குக் கீழே கொண்டுவர, கட்டியை முழுசாக எடுப்பதைவிட வேகமான வழி பெரும்பாலும் இல்லை. கதிர்வீச்சாலும் கட்டி சுருங்கும், ஆனால் அதற்கு வாரங்கள் ஆகும். நடுவில் வீக்கம் கூடவும் செய்யும். ஆகவே இந்த ஆபரேஷன் தன்னளவில் புற்றுநோயைக் குணப்படுத்த வந்ததல்ல. குணப்படுத்த வாய்ப்புள்ள மருந்துக்கு வழிவிடச் செய்வது. அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதை ஒட்டியதே: கட்டியை எடுத்தபின் எத்தனை நாளில் ஸ்டீராய்டைக் குறைக்க முடியும், எந்தத் தேதியில் இம்யூனோதெரபி தொடங்கும்? இதற்குப் பதில் இல்லாமல் குறிக்கப்படும் ஆபரேஷன் பாதி யோசிக்கப்பட்ட ஆபரேஷன்.

இன்னொரு வழியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கட்டியில் பிராஃப் வி600 மரபணு மாற்றம் இருந்தால் டப்ராஃபெனிப், டிராமெடினிப் மாத்திரைகள் வேகமாக வேலை செய்யும். ஸ்டீராய்டு அவற்றுக்குப் பெரிய தடையில்லை. காம்பி-எம்பி ஆய்வில் அறிகுறியில்லாத முதன்மைப் பிரிவில் 58 சதவீதத்தினருக்கு மூளைக் கட்டி சுருங்கியது. ஆனால் அந்தப் பலன் நீடித்தது சராசரியாக ஆறரை மாதம். மாத்திரையால் கட்டியைச் சுருக்கி, ஸ்டீராய்டை நிறுத்தி, பிறகு இம்யூனோதெரபிக்கு மாறுவது என்று சில மையங்கள் திட்டமிடுகின்றன. கட்டி ஆழத்தில் இருந்தால், பல இடங்களில் இருந்தால் எனக்கும் அது சரியாகவே படுகிறது. எட்டக்கூடிய இடத்தில் இருக்கும் ஒற்றைப் பெரிய கட்டிக்கு ஆபரேஷனைத் தவிர்க்க மட்டும் மாத்திரையைப் பிடித்துக்கொள்வது ஆறு மாதத்தைக் கடன் வாங்குவது.

நம் தோல் நிறத்தவர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். வெள்ளைத்தோல் மக்களுக்கு மெலனோமா பெரும்பாலும் வெயில் படும் தோலில் வருகிறது. நமக்கு அதிகம் வருவது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி. பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இந்த வகைதான். மூளைக்கும் நுரையீரலுக்கும் பரவி 1981 மே 11 அன்று 36 வயதில் இறந்தார். இந்த வகையில் பிராஃப் மாற்றம் குறைவு. இம்யூனோதெரபிக்கு இணங்குவதும் வெயில்வழி மெலனோமாவைவிடக் குறைவு. ஆஸ்திரேலிய, அமெரிக்க ஆய்வுகளின் சதவீதங்களை அப்படியே உள்ளங்கால் மெலனோமாவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. மருந்து கைகொடுக்காமல் போகும் வாய்ப்பு கூடுதல் என்பதால், மூளைக் கட்டியை எடுப்பதற்கும் கதிர்வீச்சுக்கும் அவர்களிடத்தில் எடை அதிகம்.

எதைத் தொடலாம்

கதிர்வீச்சு போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்பதற்குக் குறுக்களவு 3 செ.மீ. என்பது தோராயமான எல்லைக்கோடு. இது கண்மூடித்தனமாக வைத்த எண் அல்ல. கட்டியை மட்டும் குறிபார்த்து ஒரே தவணையில் கதிர்வீச்சு கொடுக்கும் ரேடியோசர்ஜரியில் கட்டி பெரிதாகப் பெரிதாக, பக்கத்து மூளையைக் காக்கக் கதிர்வீச்சின் அளவைக் குறைத்தாக வேண்டும். கதிர்வீச்சை அளக்கும் அலகான கிரேயில் வழக்கமான வரம்புகள்: 2 செ.மீ. வரை 24 கிரே, 3 செ.மீ. வரை 18, 4 செ.மீ. வரை 15. மெலனோமா கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாத புற்றுநோய். அதற்கு 15 கிரே பெரும்பாலும் போதுவதில்லை. அளவு சிறிதாயிருந்தும் எடுக்க வேண்டியவை சில உண்டு. சிறுமூளையில் உள்ள கட்டி மூளைநீர் ஓடும் நான்காம் அறையை அடைத்து நீர் தேங்கவைத்தால் நோயாளி சில மணி நேரத்தில் நினைவிழக்கலாம், அங்கே மருந்தைச் சோதித்துப் பார்க்க அவகாசமில்லை. இரத்தம் கசிந்த கட்டியும் அப்படியே. மெலனோமா மூளையில் இரத்தக்கசிவு உண்டாக்குவதில் பேர்போனது. சாதாரணப் பக்கவாதம் என்று சிடி ஸ்கேன் எடுத்து, இரத்தக்கட்டியைக் கண்டு, அதற்கடியில் மெலனோமா இருப்பது பிறகே தெரியவருவதும் உண்டு.

தொடக்கூடாதவை: மூளைத்தண்டுக்குள் உள்ளவை, அடி ஆழத்தில் உள்ளவை, மூளை உறைகளில் பூச்சுப்போலப் பரவிவிட்ட நோய், அறிகுறியில்லாத சிறு புள்ளிகள். மூன்று கட்டிகளில் ஒன்று பெரிது, இரண்டு சிறிது என்றால் பெரியதை எடுத்துவிட்டுச் சிறியவற்றை ரேடியோசர்ஜரிக்கு விடுவது இன்றைய வழக்கம். ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்ஐயை மெல்லிய, 1 மி.மீ. துண்டுகளாக, கட்டியை ஒளிரவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி எடுக்க வேண்டும். இரத்தக்கசிவைக் காட்டும் பட வகையும் அதில் இருக்க வேண்டும், ஏனெனில் மற்றப் படங்களில் தெரியாத சிறு கசிவுகள் அதில் தெரியும். கட்டியில் உள்ள கருநிறமியான மெலனினும் பழைய இரத்தமும் கான்ட்ராஸ்ட் இல்லாத படத்திலேயே வெள்ளையாகத் தெரியக்கூடியவை, எனவே முன் படத்தையும் பின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர் ஏமாறுவார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவற்றைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழ் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வலிப்பு வந்தவருக்கு லெவெடிராசெட்டாம் போன்ற வலிப்புத் தடுப்பு மருந்து அவசியம். வராதவருக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே கொடுப்பதால் பலன் இருப்பதாக நிரூபணமில்லை.

மேசையில்

தலையை மூன்று ஊசிகள் கொண்ட பிடியில் அசையாமல் நிறுத்தி, எம்ஆர்ஐ படத்தையும் நோயாளியின் முகத்தையும் கட்டி இருக்கும் இடத்தைக் காட்டும் நேவிகேஷன் கருவியில் பொருத்துகிறார்கள். கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 2-3 மி.மீ. வித்தியாசம் இருக்கலாம். எலும்பைத் திறந்து, மூளையின் வெளியுறையான டூராவை வெட்டி, மூளைநீர் வெளியேறியதும் மூளை இன்னும் கொஞ்சம் கீழிறங்கும். அப்போது நேவிகேஷன் பழைய வரைபடம்தான். அதனால் அனுபவசாலிகள் பக்கத்தில் அல்ட்ராசவுண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். பேச்சு, கை அசைவு சம்பந்தப்பட்ட பகுதிக்கு அருகில் என்றால் நோயாளியை விழிக்கவைத்தோ, மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டிப் பார்த்தோ எது தொடக்கூடாத இடம் என்று குறித்துக்கொள்வது முறை.

மடிப்புகளுக்கு இடையே உள்ள பள்ளத்தின் வழியாகக் கட்டியை அடைவது, அல்லது முக்கியமில்லாத மடிப்பில் சிறு கீறலிட்டுப் போவது. கட்டி கரியாகவோ பழுப்பாகவோ இருக்கும் என்று எதிர்பார்ப்போம், நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. பரவல் கட்டிகளைச் சுற்றி மூளைத்திசு கொஞ்சம் தடித்து ஓர் உறைபோல ஆகியிருக்கும். அந்தத் தளத்தைக் கண்டுபிடித்து, பஞ்சுத் துண்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டே கட்டியைச் சுற்றி வர வேண்டும். ஊட்டும் இரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாக எரித்து மூடி, கடைசியில் ஒரே துண்டாகத் தூக்க வேண்டும். நடுவில் ஓட்டை போட்டு உள்ளிருந்து உறிஞ்சி எடுப்பது எளிது. ஆனால் மெலனோமாவில் அதற்கு இரண்டு விலை. இரத்தம் கொட்டி, தளம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். புற்று அணுக்கள் மூளைநீரில் சிந்தி, பிறகு உறைகளில் முளைக்கும் அபாயமும் கூடும். சிறுமூளைக் கட்டிகளில் துண்டுதுண்டாக எடுத்தவர்களுக்கு உறைப் பரவல் அதிகம் என்பதை ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் தன் நோயாளிகளின் தரவுகளிலிருந்து காட்டியிருக்கிறது. மூளை அறைக்குள் தேவையில்லாமல் நுழையாதிருப்பதும் இதே காரணத்துக்காக. பேச்சுப் பகுதியை ஒட்டிய பெரிய கட்டியில் ஒரே துண்டு என்ற பிடிவாதம் நோயாளியின் பேச்சைப் பறித்துவிடலாம், அங்கே துண்டாக எடுப்பதே சரி. கசிவு உள்ள நோயாளியில் இரத்தக்கட்டியை வெளியேற்றியதோடு நிற்கக் கூடாது. குழியின் சுவரிலிருந்து திசு எடுத்தனுப்பாவிட்டால், உள்ளே மெலனோமா ஒளிந்திருந்தாலும் ஆய்வறிக்கை ‘இரத்தம் மட்டும்’ என்றே வரும்.

மூடுவதற்கு முன் இரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, எங்காவது கசிகிறதா என்று பொறுமையாகப் பார்க்கும் நிமிடங்களை மிச்சம்பிடிக்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பின் வரும் ஆபத்தான கசிவு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். அந்த நேரம் மேல் அழுத்தத்தை 140ஐ ஒட்டியே வைத்திருப்பார்கள். சிறுமூளைப் பக்கத்தில் டூராவை நீர் கசியாதபடி தைப்பது கட்டாயம். 48 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், எம்ஆர்ஐ எடுத்தாக வேண்டும். தாமதித்தால் ஆறும் திசுவே கான்ட்ராஸ்டில் ஒளிர்ந்து, மிச்சக் கட்டி எது என்று சொல்ல முடியாமல் போகும். எடுத்த திசுவில் பிராஃப் சோதனையைக் கேட்டுவாங்க மறக்கக் கூடாது.

குழிக்குள் மிஞ்சுவது

கட்டி முழுதும் போய்விட்டது என்று ஸ்கேன் சொன்னாலும் குழியின் சுவரில் அணுக்கள் மிஞ்சும். எம்.டி. ஆண்டர்சனில் 132 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனோடு விட்டவர்களில் ஓராண்டில் அதே இடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 43 சதவீதம், குழிக்கு ரேடியோசர்ஜரி கொடுத்தவர்களில் 72 சதவீதம். முன்பு இதற்காக மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுப்பார்கள். மெலனோமாவில் ஒன்று முதல் மூன்று பரவல்களுக்கு ஆபரேஷனோ ரேடியோசர்ஜரியோ முடித்தவர்களிடம் ஆஸ்திரேலியக் குழு தலைமையில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, முழு மூளைக் கதிர்வீச்சால் புதுப் பரவல்களைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்க முடியவில்லை என்று காட்டியது. நினைவாற்றலை அது குறைக்கும் என்பதோ வேறு ஆய்வுகளில் தெளிவானது. இன்றைக்கும் பழக்கத்தின்பேரில் அதைப் பரிந்துரைப்பவர்களிடம் ஏன் என்று கேளுங்கள்.

குழிக்குக் கதிர்வீச்சு கொடுக்க ஏற்ற காலம் சுமார் இரண்டு முதல் நான்கு வாரம். அதற்குள் காயம் ஆறும், குழி சற்றுச் சுருங்கும். திட்டமிடும் எம்ஆர்ஐயைக் கதிர்வீச்சுக்குச் சில நாட்களுக்கு முன் புதிதாக எடுக்க வேண்டும், ஆபரேஷன் மறுநாள் எடுத்த படத்தை வைத்துக் கணக்கிட்டால் இடம் பிசகும். குழியின் விளிம்பைத் தாண்டிச் சுமார் 2 மி.மீ. சேர்த்துக்கொள்வார்கள். பெரிய குழி என்றால் ஒரே தவணைக்குப் பதில் 27 கிரேயை மூன்று தவணையாகப் பிரிப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ரேடியோசர்ஜரி கொடுத்துவிட்டுக் கட்டியை எடுக்கும் முறையும் வளர்ந்துவருகிறது. சிந்தும் அணுக்கள் ஏற்கெனவே கதிர்பட்டவையாக இருக்கும் என்பது அதன் தர்க்கம். அவசர நோயாளிக்கு அது பொருந்தாது.

இதே வாரங்களில்தான் டெக்ஸாமெத்தசோன் படிப்படியாக இறங்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக்கொடுத்த 4 மி.கி. யாரும் திருத்தாமல் ஆறு வாரம் ஓடிவிடுவது நடைமுறையில் அடிக்கடி நேரும் பிழை. அறுவை சிகிச்சை நிபுணர் புற்றுநோய் மருத்துவர் குறைப்பார் என்று நினைக்கிறார், அவர் இவர் குறைப்பார் என்று. எந்தத் தேதியில் எவ்வளவு என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்குங்கள். மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது, உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு அடங்கிப்போயிருக்கும். இபிலிமுமாப் தொடங்கிய பின் வரும் தலைவலி, அசதி, குறைந்த இரத்த அழுத்தம் எல்லாம் கட்டி திரும்பியதால்தான் என்று எண்ணி உடனே ஸ்டீராய்டை ஏற்றிவிடக் கூடாது. அந்த மருந்து பிட்யூட்டரி சுரப்பியையே வீங்கவைக்கக்கூடியது. முதலில் இரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்க வேண்டும்.

அதன்பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு எம்ஆர்ஐ. கதிர்பட்ட இடம் மாதங்கள் கழித்துப் பெரிதாகத் தெரிந்தால் அது நோயாகவும் இருக்கலாம், கதிர்வீச்சால் செத்த திசுவாகவும் இருக்கலாம். இம்யூனோதெரபி எடுப்பவர்களிடம் இரண்டாவதும் கணிசமாக வருகிறது. திசுவின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃபியூஷன் எம்ஆர்ஐ ஓரளவு பிரித்துக் காட்டும், ஆனால் உறுதியாகச் சொல்லாது. செத்த திசுவும் வீக்கத்தை உண்டாக்கும், அதற்கும் ஸ்டீராய்டு வேண்டியிருக்கும். பெவாசிசுமாப் என்ற மருந்தைக் கொடுத்து வீக்கத்தைத் தணிப்பது ஒரு வழி, கசியும் இயல்புள்ள மெலனோமாவில் அதை யோசித்தே கொடுப்பார்கள். ஸ்டீராய்டைக் குறைக்கவே முடியாத நிலை வந்தால் மறுபடி மண்டையைத் திறந்து அதை எடுக்கிறார்கள். எடுத்த திசுவில் செத்த அணுக்கள் மட்டும் இருந்தால் அதே இம்யூனோதெரபியைத் தொடரலாம். உயிருள்ள மெலனோமா இருந்தால் மருந்தை மாற்றுவது பற்றிப் புற்றுநோய் மருத்துவரோடு அன்றே பேச வேண்டும்.